சின்ன நட்டுக்கு எவ்வளவு முடுக்கு

எங்கள் வீட்டில் இப்போது என்மேல் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஊறுகாய்ப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், மாத்திரை டப்பா, எதையாவது நான் மூடி வைத்தால் பிறகு யாராலும் திறக்க முடியவில்லையாம். மருமகள் ஈரத் துணியைச் சுற்றித் திருகிப் பார்க்கிறாள். பேரன் மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துத் திருகி, கதவுச் சாயம் உரிந்ததுதான் மிச்சம். "பாட்டிக்கு எங்கேருந்துலா இவ்ளோ பலம் வருது?" என்று கேட்கிறான். பலமாவது மண்ணாவது. குளியலறை வாளியைக்கூட என்னால் தூக்க முடிவதில்லை.

விரல் நுனி மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். போதும் என்று விரல் சொன்னால்தானே கை நிற்கும்? அது சொல்வதில்லை. அதனால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகளிடம் இதை விளக்க எனக்கு அலுப்பாக இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் என்றால் பாதி சொன்னாலே போதும். அதனால்தான் அப்பாவின் சைக்கிள் கதையை உங்களிடம் சொல்கிறேன். வீட்டில் கேட்க ஆளில்லை.

அப்பாவின் சைக்கிள் என்று சொல்லிவிட்டேன். அது தோட்டத்து ஆபீசுக்குச் சொந்தமான சைக்கிள். நாங்கள் அப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்தின் தபால்காரர். காலையில் தோல் பையை மாட்டிக்கொண்டு ஈப்போ தபால் கந்தோருக்குப் போவார், துரைக்கும் ஆபீசுக்கும் வந்ததை வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்புவார். சைக்கிள் கறுப்பு நிறம், நல்ல உயரம். அப்பா சீட்டில் உட்கார்ந்தால் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். வழி முழுக்கச் செம்மண் சாலை. மாட்டுவண்டி போய்ப் போய் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். வளைவு திரும்புவதற்கு முன்பே மட்கார்டு அடிக்கும் சத்தம் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கேட்கும். அம்மா உடனே அடுப்பில் தண்ணீர் வைப்பாள்.

அதற்கு முன்னால் அப்பா பால் ஸ்டோரில் இருந்தார். மரத்திலிருந்து வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து, உறைந்ததும் எடுத்து ரோலரில் கொடுக்கிற வேலை. எல்லாம் வெறுங்கையால்தான். அந்தப் புளித்த நெடி அவர் சட்டையிலிருந்து போகவே போகாது. நெஞ்சில் இருமல் பிடித்துக்கொண்டது. பழைய தபால்காரர் ஊருக்குக் கப்பலேறிய சமயம், இவருடைய இருமலைக் கேட்டுத் துரைக்கே இரக்கம் வந்து சைக்கிளைக் கொடுத்தார். "இன்னொரு வருசம் ஸ்டோர்ல கெடந்தா மனுசன் தேறமாட்டாரு, மாரியாத்தா கண்ணத் தொறந்தா" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சைக்கிள் போனால் அப்பா மறுபடியும் ஆசிட் தொட்டிக்குப் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பால் பல் விழுந்து பாதி வாய் காலியாக இருந்த வயது. ஆனாலும் தெரியும்.

சைக்கிளில் பெரிய நட்டுகளால் ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. சின்னவைதான் உயிரை எடுத்தன. மட்கார்டு கம்பியைப் பிடிக்கிற போல்ட்டு, மணியைப் பிடிக்கிற போல்ட்டு, கேரியரின் போல்ட்டு, விளக்குத் தாங்கியின் போல்ட்டு. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். சாலைக் குலுக்கலில் அவை கழன்றுவிடும் என்று பயந்து அப்பா தினமும் முடுக்குவார். மழையில் துருப்பிடிக்கக் கூடாது என்று தேங்காய் எண்ணெய் வேறு தடவுவார். எண்ணெய் பட்ட புரி வழுக்கிக்கொண்டு போகும். இன்னும் போகிறதே என்று அப்பா இன்னும் அழுத்துவார். டிக் என்று ஒரு சத்தம். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

ஒடிந்த போல்ட்டுக்கு மாற்று கேட்டு ஆபீசில்தான் நிற்க வேண்டும். அங்கே பெரிய கிராணி, ஆபீசுக் குமாஸ்தாக்களுக்குத் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டையில் ஒரு புள்ளி சேறு படாமல் தோட்டத்தைச் சுற்றி வருகிறவர். "என்ன கை காணும் உது? இரும்பையே முறிக்கிறாய். இன்னொருக்கா முறிஞ்சு வந்தா சைக்கிளை விட்டிட்டு ஸ்டோருக்குப் போ" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாசலில் நின்று கேட்டேன். லயத்து ஆண்களுக்கும் இது நல்ல பொழுதுபோக்கு. "அண்ணே, கைகுலுக்குனா எலும்பு மிஞ்சுமா?" என்று கேலி செய்வார்கள். அப்பா சிரிப்பார். அவர் கை பொல்லாத கை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஒருநாள் ஈப்போவில் சீனன் சைக்கிள் கடைக்கு அப்பா என்னையும் கேரியரில் வைத்துக் கூட்டிப்போனார். ஊருக்குள் நுழையும்போது சுண்ணாம்புக் குன்றுகளில் மேகம் உட்கார்ந்திருந்தது. கடை முதலாளியான தவுக்கே பனியன் போட்ட மெலிந்த மனிதர், வாயில் அணைந்த சிகரெட். அப்பா முடுக்குவதைக் கொஞ்சம் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்பானரை அப்பா கையிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தார். நான் திருகினேன். நட்டு போய் உட்கார்ந்தது. விரலை எதிர்த்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். "சுக்கூப், சுக்கூப்" என்று என் மணிக்கட்டைத் தட்டினார். மலாயில் போதும் என்று அர்த்தம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்ப் போத்தலைக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்புறம் அப்பாவிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். சின்ன நட்டைச் சின்னக் கைதான் முடுக்க வேண்டும் என்கிறார் என்று அப்பா வழியில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

அன்று முதல் அது என் வேலை. சாயங்காலம் லயத்து முன்வாசல் அஞ்சடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்து, ஒரு பழைய சிகரெட் டின்னில் நட்டுகளையும் அந்தச் சின்ன ஸ்பானரையும் வைத்துக்கொண்டு உட்காருவோம். நட்டு உட்காரும்வரை விரலால் திருக வேண்டும். பிறகு ஸ்பானரால் இன்னும் கொஞ்சம். விரல் நுனியில் ஓர் எதிர்ப்பு வரும், அங்கே நிறுத்திவிட வேண்டும். அதையும் தாண்டினால் சட்டென்று இளகும். இளகினால் நன்றாக முடுகிவிட்டது என்று நினைக்காதீர்கள், புரி போய்விட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு நட்டுக்கும் அப்பா கேட்பார்.

"சுக்கூப்பா?"

"சுக்கூப்."

ஒருநாள் நட்டுக்குப் பதில் ஒரு சரளைக்கல்லை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர் அதை விரல்களுக்கிடையில் எடுத்து, போல்ட்டில் வைத்துத் திருகப் பார்த்தார். கண் சாலைப் பக்கம் இருந்தது. நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்து அந்தக் கல்லை எடுத்து எறிந்தாள். என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், "அப்பா கை மரத்துக் கெடக்குன்னு யார்கிட்டயும் சொல்லாத. கோயிலுக்குப் போனாக்கூட மனசுக்குள்ளதான் சொல்லணும்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த மாமா ஒருத்தர், அடுப்பிலிருந்து உருண்ட தணலைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள் டிரெசரிடம் சொன்னார்கள். டிரெசர் என்றால் தோட்டத்து மருந்துக்காரர், எங்களுக்கு டாக்டரும் அவர்தான். மறுவாரமே அந்த மாமாவைப் பெருநோய்க்காரர்களை வைத்திருக்கும் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக் கதவில் பலகை அடித்தார்கள். அவர் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. மரத்துப்போன விரல் என்றால் அந்த நாளில் தீவு. வேறு பேச்சு கிடையாது.

ஆக, எங்கள் வீட்டில் இரண்டு பயம் குடியிருந்தது. போல்ட்டு ஒடிந்தால் ஆசிட் தொட்டி. விரல் விஷயம் வெளியே தெரிந்தால் தீவு.

என் கைமுடுக்கில் போல்ட்டு ஒடிவது நின்றது. ஆனால் மழை வந்து சாலை இன்னும் பாழானபோது அவை கழல ஆரம்பித்தன. ஒருநாள் மணியே வழியில் விழுந்துவிட்டது, அப்பா திரும்ப நடந்துபோய்ச் சேற்றில் தேடி எடுத்து வந்தார். இறுக்கினால் ஒடிகிறது, இறுக்காவிட்டால் கழல்கிறது. இதற்கு வழி கண்டுபிடித்தது அம்மாதான். அவள் பால்வெட்டுக்காரி. மரத்தில் வெட்டின கோட்டில் மறுநாள் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் இழை இருக்கிறதே, ஒட்டுப்பால், அதில் மெல்லிசாக ஒன்றைக் கொண்டுவந்து போல்ட்டுத் தலைக்கு அடியில் சுற்றி என்னை முடுக்கச் சொன்னாள். போல்ட்டுத் தலை அதன்மேல் மெத்தென்று உட்கார்ந்தது. அதன் பிறகு எவ்வளவு குலுக்கினாலும் அசையவில்லை. ஒவ்வொரு சின்ன போல்ட்டுக்கும் ஒவ்வோர் இழை. மட்கார்டு சத்தமே அடங்கிவிட்டது. அப்பா வருவது தெரியாமல் அம்மா தண்ணீர் வைக்க மறந்துபோவாள்.

அது களவு. ரப்பர் விலை ஏறிக் கிடந்த காலம். ஒட்டுப்பாலைக்கூடப் பொறுக்கி வாளியில் போட்டு நிறுத்துக் கொடுக்க வேண்டும், மடியில் ஓர் உருண்டை இருந்தால் அன்றைக்கே ஆளைத் தோட்டத்தை விட்டு விரட்டுவார்கள். அம்மா இழைகளைக் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு வருவாள். அவள் தலையிலிருந்து அழுகின நாற்றம் வரும், சீயக்காய் போட்டாலும் போகாது. அப்பா அவளைத் தடுக்கவில்லை. எங்கே தடுப்பது?

ஆயுத பூஜை வந்தது. நம் தோட்டங்களில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெட்டுக்கத்தி, மண்வெட்டி, தராசு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் பூசி மாரியம்மன் கோயிலில் வரிசையாக வைப்போம். வழக்கமாக அவரவர் சாமானை அவரவர் வீட்டில் கழுவிக் கொண்டுவருவார்கள். அந்த வருஷம் வெட்டுக்கத்திகள் சில காணாமல் போயிருந்தன. அதனால் தோட்டத்துச் சாமான் எல்லாவற்றையும் கோயில் கிணற்றடியில் தன் கண்முன்னால் கழட்டிக் கழுவ வேண்டும் என்று பெரிய கிராணி சொல்லிவிட்டார். நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்திருந்தார்.

அப்பா சைக்கிளைக் கழட்டினார். கழட்டுவதற்கு ஸ்பானர் போதும், விரல் தேவையில்லை. கேரியர் போல்ட்டை உருவியபோது அதோடு ஒட்டுப்பால் இழையும் வந்து தொங்கியது. கிராணி எழுந்து வந்து அதைக் குடைக்கம்பியால் தொட்டுப் பார்த்தார். மணியைக் கழட்டச் சொன்னார். அதிலும் இருந்தது, அந்த இழையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

"ஆர் இதை வைச்சது?"

"நாந்தாங்க ஐயா."

"நீ தபாலுக்குப் போறனீ. மரம் வெட்டப் போறது உன்ர மனிசி. அவள்தானே கொண்டு வந்தவள்?"

"இல்லீங்க ஐயா. மரத்தடியில கெடந்துச்சு, நாந்தான் எடுத்து வச்சேன்."

"அப்ப இப்ப பூட்டிக் காட்டு பாப்பம். நீ செய்தனியெண்டா உனக்குத் தெரியும்தானே."

கிராணி முட்டாள் இல்லை. இழையைச் சுற்றி அந்தச் சின்ன நட்டை உட்காரவைப்பது அப்பாவின் கைவேலை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. செய்து காட்டாவிட்டால் அம்மாதான் கள்ளி. காட்டினால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான் முன்னால் போகப் பார்த்தேன். நான் முடுக்கிவிடுகிறேன், எனக்குத்தான் தெரியுமே என்றுதான் என் புத்தியில் ஓடியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. கண்ணாடி வளையல் நொறுங்கித் தோலுக்குள் இறங்கியது, அவள் விடவில்லை. பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அவள் பயந்திருக்கிறாள். எனக்கு அது அப்போது தெரியவில்லை, அம்மாமேல் கோபம்தான் வந்தது.

அப்பா இழையைச் சுற்றினார். எப்படியோ சுற்றிவிட்டார். போல்ட்டைத் துளையில் விட்டு, டின்னிலிருந்து நட்டை எடுத்து அடியில் கொடுத்துத் திருக ஆரம்பித்தார். கிராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருகினார். நட்டு கீழே விழுந்தது. கிணற்றடிக் கல்லில் அது உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அப்பாவின் விரல்கள் நிற்கவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். கவனமாக, மெதுவாக, சின்ன நட்டுக்கு எவ்வளவு முடுக்கு வேண்டுமோ அவ்வளவுதான் முடுக்குவதாக நினைத்துக்கொண்டு.

"என்னண்ணே, காத்தையா முடுக்குற?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அப்பா கையைப் பார்த்தார்.

சிரிக்காதவர் டிரெசர் ஒருவர். பூசாரி பக்கத்தில் நின்றவர், எலுமிச்சம்பழ மாலை கோத்துக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து ஊசியை வாங்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் விரலைப் பிடித்தார்.

"அந்தாண்ட பாருப்பா."

குத்தினார். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை, டிரெசரின் முகத்தையே பார்த்தார். எப்போது குத்தினார் என்று அந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பார்த்தார், பாவம். இரத்தம் வந்து சொட்டிய பிறகு, "ஆ" என்றார். கூட்டம் பின்னால் நகர்ந்தது. ஒட்டுப்பாலைப் பற்றி அதன் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிராணி கையிலிருந்த இழையைக் கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றார். அம்மாவின் வேலை தப்பியது. அப்பா தெரிந்தேதான் அந்த நட்டை எடுத்தார் என்று நினைக்கிறேன்.

ஆயுத பூஜை முடிவதற்குள்ளேயே எங்களை லயத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே அப்பாவை மாட்டுவண்டியில் ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் பாய்களைக் கொளுத்தச் சொன்னாள். அம்மா கொளுத்தினாள். குழாயடியில் எங்களுக்குத் தனி நேரம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனி மூலை. சைக்கிளை வேறு ஓர் ஆள் ஓட்டினான். அவன் இழை எதுவும் வைக்கவில்லை. மட்கார்டு பழையபடி அடித்துக்கொண்டு வளைவில் வரும். சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து அடுப்பண்டை போவாள், அப்புறம் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்த மழைக்கு அப்பா திரும்பி வந்தார். அவருக்குப் பெருநோய் இல்லையாம். ஆசிட் தின்ற கை என்று அங்கே ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல அவர்களுக்கு அத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதுவரை நோய்க்காரர்களோடு நோய்க்காரராகக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். நோய் இல்லை என்று டாக்டர் சொன்னால் ஆகிவிடுமா? லயத்தில் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. டிரெசர் வந்து எட்டி நின்று, "நான் என்னப்பா செய்ய, எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். அவரையும் நான் வெகுகாலம் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டத் தெம்பு இல்லை. தெரிந்ததைச் செய்தார்.

ஈப்போவுக்குக் குடிவந்தோம். அப்பா ஒரு பலகைக் கொட்டகைக்குக் காவலுக்குப் போனார். அம்மா வீடுகளில் துணி துவைத்தாள். வேலைக்குப் போகுமுன் அப்பாவின் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு ஒருநாள், "சுக்கூப்பா அப்பா?" என்று கேட்டேன். "எனக்கு எங்க தெரியுதும்மா. நீ சொன்னாச் சரி" என்றார். அந்தச் சிகரெட் டின்னும் ஸ்பானரும் எங்கே போயின என்று தெரியவில்லை. கோயில் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு வந்திருப்போம்.

மகன் இங்கே ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறான். அவர்கள் ஸ்குரூ முடுக்குகிற மெஷின், போதும் என்றால் தானே கிளிக் என்று நின்றுவிடுமாம். கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் போத்தல் மூடி வழக்கு முற்றிப்போய் அவன் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனான். சின்னப் பையன் டாக்டர். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கிங்க பாட்டி, குத்துனா சொல்லுங்க" என்றான். நான் மூடவில்லை. அவன் முகத்தையே பார்த்தேன். இந்த வயதில், இந்தக் காலத்தில் என்ன பயம் என்பீர்கள். பயம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

"சர்க்கரைதான் பாட்டி. ரொம்ப வருசமாச்சுன்னா வெரல் இப்படித்தான் மரத்துப்போவும். ஒண்ணுமில்ல. மருந்து எழுதித் தாரேன், சாப்பிட்டு வாங்க. வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

மகன் சிரித்தான். "வேற எங்கம்மா போவாங்க?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மருந்து வாங்கி வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனான். "ஏம்மா அழுற? அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருல்ல" என்றான்.

"அதுக்குத்தாண்டா அழுறேன்" என்றேன்.